தோற்காத அணிக்கு ஐந்தாவது இடமா?

அமெரிக்காவில் கால்பந்து என்றால் கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகிற ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதும், நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறுவதும்தான் அங்கே கால்பந்து. கல்லூரி மாணவர்கள் ஆடும் இந்த ஆட்டத்தைப் பார்க்க எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வருவது அங்கே சர்வ சாதாரணம். சீசன் முடிந்ததும் பெரிய அணிகளை ஜோடி சேர்த்து நடத்தும் பந்தயங்களுக்கு 'பௌல்' என்று பெயர். கிண்ணம் போலக் கட்டிய ஒரு கலிபோர்னியா மைதானத்தை ஒட்டி வந்த வழக்கு அது.

பௌல் பந்தயத்துக்கு முன் இரண்டு அணிகளையும் தராசில் நிறுத்துவது அங்குள்ள பத்திரிகைகளுக்கு ஒரு சடங்கு. அந்தத் தராசு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், 2007 ஜனவரி 1 அன்று அரிசோனா மாநிலம் கிளெண்டேல் நகரில் நடந்த பீஸ்டா பௌல் ஒன்றே போதும்.

ஒரு பக்கம் ஓக்லஹோமா பல்கலைக்கழகம். ஏழு முறை தேசிய சாம்பியன். பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸ் 2000-ம் ஆண்டு சீசனில் பட்டம் வாங்கித் தந்தவர். அட்ரியன் பீட்டர்சன் என்ற ஓட்டக்காரர், எதிரிகள் இருவர் மூவர் சேர்ந்தாலும் நிறுத்த முடியாதவர். அக்டோபரில் காறை எலும்பு முறிந்து உட்கார்ந்தவர், இந்தப் பந்தயத்துக்குத் திரும்பியிருந்தார். அவர் இல்லாத நாட்களிலும் அணி ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. சீசனில் இரண்டு தோல்விகள். அதில் ஒன்று, ஓரிகானிடம் 34-33 என்று தோற்றது, நடுவர்கள் செய்த தவறால் வந்தது. அந்த நடுவர்கள் பின்னர் ஒரு ஆட்டத்துக்கு சஸ்பெண்ட் ஆனார்கள்.

இன்னொரு சங்கதி. சீசன் தொடங்குமுன்பே இந்த அணியின் முதல் குவார்ட்டர்பேக் நீக்கப்பட்டார். கார் விற்கும் கடை ஒன்றில் செய்யாத வேலைக்குச் சம்பளம் வாங்கினார் என்பது குற்றம். பொய் ஓவர்டைம் எழுதுவது கடல் கடந்தும் உண்டு போலும். அந்த இடத்துக்கு வந்த பால் தாம்சன், பந்தைப் பிடிக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தவர். திரும்ப அழைக்கப்பட்டு, அணியைப் பதினோரு வெற்றிக்குக் கொண்டு சென்றார்.

எதிர்ப் பக்கம் ஐடஹோ மாநிலத்து பாய்சி. 1932-ல் இரண்டாண்டுக் கல்லூரியாகத் தொடங்கி, 1974-ல்தான் பல்கலைக்கழகம் ஆனது. மேல் வகுப்பில் ஆட அனுமதி கிடைத்ததோ 1996-ல். மைதானத்துப் புல் நீல நிறம் என்பதைத் தவிர வெளியூரில் அதைப் பற்றி யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சனுக்கு அந்தப் பதவியில் அதுதான் முதல் வருஷம். ஆனால் பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி.

தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? பந்தயக்காரர்கள் ஓக்லஹோமா பக்கம்தான் நின்றார்கள். பாய்சி ஜெயித்ததெல்லாம் சோதா அணிகளை என்றார்கள். அதிலும் உண்மை இல்லாமலில்லை. சான் ஹோசே போன்ற அணியையே 23-20 என்று கடைசி நொடியில்தான் முடித்தார்கள். குவார்ட்டர்பேக் ஜாரெட் ஜப்ரான்ஸ்கி முந்தைய வருஷம் ஜார்ஜியாவிடம் பந்தை அள்ளிக் கொடுத்து 48-13 என்று தோற்றதையும் யாரும் மறக்கவில்லை.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரிய அணிகளோடு ஆடவில்லை என்கிறார்களே, ஆட விட்டவர் யார்? பெரிய பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் கூட்டமைப்பு வைத்துக் கொண்டிருந்தன. அவற்றின் சாம்பியன்களுக்குப் பெரிய பௌல்களில் இடம் நிச்சயம். வெளியே இருப்பவன் தரவரிசையில் முதல் பன்னிரண்டுக்குள் வந்தால்தான் கதவு திறக்கும் என்பது ஏறக்குறைய விதி. அந்தத் தரவரிசையில் பாதிக்கு மேல் ஓட்டு. அந்த ஓட்டில் பழைய பேருக்குத்தான் மதிப்பு. ஆபீசில் சீனியாரிட்டி லிஸ்ட் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

களத்தில் நடந்தது வேறு. மூன்றாம் பகுதியில் பாய்சி 28-10 முன்னிலை. ஓக்லஹோமா விடாமல் துரத்தி 28-28 ஆக்கியது. உடனே ஜப்ரான்ஸ்கி வீசிய பந்தை எதிரி பறித்து ஓடி 35-28. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்தான் பாக்கி. சந்தேகப்பட்டவர்கள் சொன்னது பலித்துவிட்டது போலிருந்தது.

நான்காவது முயற்சி; பதினெட்டு கஜம் வேண்டும். பந்தைப் பிடித்த டிரிசான் ஜேம்ஸ் எதிரிகளைத் தன் பக்கம் இழுத்து, குறுக்கே ஓடி வந்த ஜெரார்ட் ராபிடம் தட்டிவிட்டார். ஏழு விநாடி மீதமிருக்க 35-35. கூடுதல் நேரத்தில் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே இருபத்தைந்து கஜமும் கடந்து புள்ளி எடுத்தார். பாய்சியும் பதிலுக்கு எடுத்தது, 42-41. ஒரு புள்ளி உதைத்துச் சமன் செய்திருக்கலாம். பயிற்சியாளர் இரண்டு புள்ளிக்குத் துணிந்தார். ஜப்ரான்ஸ்கி வலது கையால் வீசுவது போல் பாவனை காட்டி, இடது கையால் முதுகுக்குப் பின்னே பந்தை நீட்ட, இயான் ஜான்சன் எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடினார். 43-42.

இது அதிர்ஷ்டமல்ல. நேருக்கு நேர் மோதினால் பீட்டர்சன் போன்றவர்களிடம் தாங்காது என்று தெரிந்தவர்கள், தந்திரத்தைப் பழகி வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த ஒரு திறமைக்குத் தராசில் தட்டே இல்லை.

பிறகு வந்ததுதான் அநியாயம். அந்த சீசனில் மேல் வகுப்பில் தோல்வியே இல்லாத ஒரே அணி பாய்சி, பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அசோசியேட்டட் பிரஸ் கடைசிப் பட்டியலில் கொடுத்த இடம் ஐந்து. ஒரு முறை தோற்ற புளோரிடா சாம்பியன். இரண்டு முறை தோற்ற தெற்கு கலிபோர்னியாவுக்கு நான்காவது இடம். அந்தத் தெற்கு கலிபோர்னியாவை வென்ற அணிகளில் ஒன்று ஓரிகான் ஸ்டேட். அதே ஓரிகான் ஸ்டேட்டை பாய்சி 42-14 என்று நொறுக்கியிருந்தது! சொந்த மைதானத்தில், சீசன் ஆரம்பத்தில் என்று சமாதானம் சொல்லலாம். சரி, ஓக்லஹோமாவை வென்றது யார் மைதானத்தில்?

2014 சீசனிலிருந்து நான்கு அணிகளும், 2024 சீசனிலிருந்து பன்னிரண்டு அணிகளும் பட்டத்துக்கு மோதும்படி முறை மாறியது. 2024-ல் பாய்சி உள்ளே வந்தது. கமிட்டியின் தரவரிசையில் ஒன்பதாவதாக இருந்தும், கூட்டமைப்பு சாம்பியன்களில் முதல் நான்குக்குள் வந்ததால் மூன்றாம் இடமும், முதல் சுற்று ஆடாமல் தாண்டும் உரிமையும் கிடைத்தன. டிசம்பர் 31 அன்று அதே கிளெண்டேல் மைதானத்தில் பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றது. நியாயமான தோல்வி. ஆனால் அடுத்த சீசனிலேயே சாம்பியன்களுக்கு இருந்த அந்த உரிமையை எடுத்துவிட்டு, கமிட்டி வரிசைப்படிதான் இடம் என்று ஆக்கிவிட்டார்கள்.