கோடு கீறியவர் யார்?

வறுமையைப் பற்றி வாய் திறந்தால் போதும், எங்கிருந்தோ ஓர் ஒப்பீடு குறுக்கே வந்து விழுகின்றது. "இந்தியாவைப் பாருங்கள், ஆபிரிக்காவைப் பாருங்கள், அவர்களைவிட நாம் எவ்வளவோ மேல்" என்கிறார் மேடையிலே அரசியல்வாதி. அதனையே சற்று நாகரிகமான மொழியில், தசமப் புள்ளியும் சேர்த்துக் கூறுகிறார் பொருளியல் நிபுணர். வகுப்பறையிலே நாமும் அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி மாணவரை மனனம் செய்விக்கின்றோம். நாட்டுக்கு நாடு வறுமையை ஒப்பிடுவது அறிவியல் என்பர். அறிவியலாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் இன்று அது பெரும்பாலும் செய்கின்ற வேலை வேறு. கூலி போதவில்லை என்பவனையும், அரிசி விலை தாங்கவில்லை என்பவளையும் வாயடைத்து வீட்டுக்கு அனுப்புகின்ற வேலை அது.

ஆகவே அந்த அளவுகோலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்க. அவ்வாண்டில் இலங்கையின் வறியோர் எத்தனை பேர்? தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 4.1 வீதம் என்றது. உலக வங்கியின் நாளொன்றுக்கு 1.90 டொலர் என்னும் கோட்டின்படி ஒரு வீதம்கூட இல்லை. அதே வங்கியின் 3.20 டொலர்க் கோட்டின்படி ஏறத்தாழப் பத்து வீதம். 5.50 டொலர்க் கோட்டின்படி ஏறத்தாழ நாற்பது வீதம். ஒரே ஆண்டு, ஒரே மக்கள், ஒரே அடுப்பு, ஒரே சோறு. நூற்றுக்கு ஒருவரும் ஏழையல்லர் என்பதும் நாற்பது பேர் ஏழைகள் என்பதும் ஒருங்கே மெய்யாகுமாயின், எண்ணைச் சொல்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எந்தக் கோடு?" என்பதே. அக்கேள்விக்கு விடை கூறாத ஒப்பீடு எதுவாயினும் அதனை ஒதுக்கித்தள்ள நமக்கு உரிமையுண்டு.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. 2019 ஜூலையில் உலக வங்கி நம்மை உயர் நடுத்தர வருமான நாடு என வகுப்பேற்றியது. அவ்வகுப்புக்கு உரிய கோடு 5.50 டொலர். ஓராண்டு கழிய, 2020 ஜூலையில், நாம் கீழ் நடுத்தர வகுப்புக்கு இறக்கப்பட்டோம். அதற்கு உரிய கோடு 3.20 டொலர். நாடு நலிந்தது, நலியவே கோடு தாழ்ந்தது, கோடு தாழவே வறியோர் தொகையும் சுருங்கியது! நாடு ஏழையாக ஏழையாக அதில் ஏழைகள் குறைவர் என்னும் இந்த விந்தைக் கணிதத்தை நம் மாணவனொருவன் பரீட்சைத் தாளில் எழுதினால் எத்தனை புள்ளி கொடுப்போம்?

இக்கோடு பிறந்த கதையையும் அறிதல் வேண்டும். 1990ஆம் ஆண்டில் உலக வங்கி தன் உலக அபிவிருத்தி அறிக்கையிலே "நாளொன்றுக்கு ஒரு டொலர்" என்ற அளவை முன்வைத்தது. உலகின் மிக வறிய நாடுகள் தத்தம் மக்களுக்கென வகுத்திருந்த வறுமைக்கோடுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து எடுத்த அளவு அது. 2008இல் அது 1.25 டொலராயிற்று; மிக வறிய பதினைந்து நாடுகளின் கோடுகளுடைய சராசரி. அவற்றுள் பதின்மூன்று ஆபிரிக்காவில் உள்ளவை. எஞ்சியவை நேபாளமும் தஜிகிஸ்தானும். 2015இல் 1.90; 2022இல் 2.15, 2025 ஜூனில் 3 டொலர். இதன் பொருள் என்ன? திறைசேரி வற்றிய ஓர் அரசாங்கம், "என்னால் இதற்குமேல் ஏழை என்று ஒப்புக்கொள்ள முடியாது" என்று எங்கே கையை விரித்ததோ அந்த இடமே உலக மாந்தர் அனைவரின் தேவைக்கும் எல்லையாகி விட்டது. மனிதனுக்கு உயிர்வாழ என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வறிய அரசு எவ்வளவை ஒப்புக்கொண்டது என்பதே கேட்கப்பட்டது.

2025இல் கோடு 3 டொலராக மாறிய அன்று, 2022ஆம் ஆண்டுக்குரிய உலக வறியோர் தொகை பன்னிரண்டரைக் கோடியால் கூடியது. 2008இலும் இப்படித்தான். நூறு கோடிக்கும் குறைவு என நம்பப்பட்டிருந்த வறியோர், விலைக் கணக்குத் திருத்தப்பட்டதும் 2005ஆம் ஆண்டுக்கு நூற்று நாற்பது கோடியாயினர். அந்தக் கோடிக்கணக்கானோர் அதற்கு முந்தைய நாள் வரை எங்கிருந்தனர்? அவரவர் குடிசையிலேதான் இருந்தனர். அட்டவணையில் மட்டுமே இல்லாதிருந்தனர்.

இனி, டொலர் என்ற சொல்லையே சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும். இது வங்கியில் மாற்றுகின்ற டொலர் அன்று. கொள்வனவுச் சக்திச் சமநிலை என்றொரு கணக்கின் வழியே மாற்றப்பட்ட கற்பனை டொலர். ஒவ்வொரு நாட்டிலும் பல்வகைப் பண்டங்கள், சேவைகள் ஆகியவற்றின் விலையைத் திரட்டி, ஒரு டொலர் அமெரிக்காவில் எதை வாங்குமோ அதை வாங்க இங்கே எத்தனை ரூபா வேண்டும் என்று காண்பது அதன் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. முடிவெட்டும் கூலியும், தையற் கூலியும், வீட்டுவேலைக் கூலியும் இங்கே மலிவு. ஏன் மலிவு? வெட்டுபவனும் தைப்பவனும் ஏழையாக இருப்பதனால் மலிவு. அம்மலிவு கணக்கில் ஏறி நம் ரூபாவைப் பருக்கச் செய்கின்றது. ஆனால் ஏழை தன் ரூபாவைக் கொண்டு வாங்குவது பணிவிடையை அன்று. அரிசி, மா, பருப்பு, பால்மா, மண்ணெண்ணெய். இவற்றுட் பலவும் கப்பலில் வருவன. உலகச் சந்தையின் விலையோடு ஏறி இறங்குவன. தோமஸ் பொகே, சஞ்சே ரெட்டி ஆகிய இருவரும் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இக்குறையை எடுத்துக் காட்டினர். ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளராய் இருந்த பிலிப் அல்ஸ்டன் 2020இல், இக்கோட்டை வைத்துக்கொண்டு வறுமை ஒழிகின்றது என்று வெற்றிமுரசு கொட்டுவதைக் கடிந்துரைத்தார். கோட்டை வகுத்த மார்ட்டின் ரவாலியன் போன்றோரின் நேர்மையை ஐயுற நமக்கு யாதொரு காரணமுமில்லை. உலகின் கவனத்தை வறியோர்பால் திருப்பவே அவர்கள் முயன்றனர். கருவி செய்தவர் ஒருவர்; அதைக் கையிலெடுத்தவர் வேறொருவர்.

நிற்க. உலகக் கணக்கை விட்டு நம் கடற்கரைக்கு வருவோம். 2016இல் அம்பாறை மாவட்டத்தின் வறுமை 2.6 வீதம், மட்டக்களப்பின் வறுமை 11.3 வீதம். கல்முனையிலிருந்து வடக்கே சென்று பெரியநீலாவணையைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். அவ்வெல்லையின் இருபுறமும் ஒரே கடல், ஒரே கரைவலை, ஒரே வயல், ஒரே வாடைக்காற்று. எல்லையைத் தாண்டும் காலடியில் வறுமை நான்கு மடங்காகுமோ? அம்பாறை என்ற ஒரே பெயரின் கீழ்க் கல்லோயாக் குடியேற்றங்களும், மாவட்டத் தலைநகரும், அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், பொத்துவில் ஆகிய கரையோர ஊர்களும் ஒரே சராசரியாய்க் கரைக்கப்பட்டுள்ளன. நாட்டுக்கு நாடு செய்யும் அநீதியைச் சராசரி என்னும் பேய் மாவட்டத்துக்குள்ளேயும் செய்கின்றது.

அளக்கும் முறையையும் பாருங்கள். வருமானத்தைக் கேட்டால் மக்கள் மறைப்பர் என்று செலவைக் கேட்கின்றார்கள். ஒரு வாரத்து உணவுச் செலவை நாட்குறிப்பில் எழுதுவிக்கின்றார்கள். சரி, வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்துத் தோணி கரையேறிக் கிடக்க, கரைவலைக் கூலியாள் கடையில் கடன்கொப்பியில் எழுதி அரிசியும் பருப்பும் வாங்குகிறான். அதுவும் செலவு. மூத்த மகளின் காப்பை அடகு வைத்து இளையவனுக்குப் பால்மா வாங்குகிறாள் உம்மா. அதுவும் செலவு. நுண்கடன் நிறுவனத்திடம் பெற்ற பணத்தைக் கொண்டு முந்திய கடனின் தவணையைக் கட்டி, மிச்சத்தில் மீன் வாங்கினால் அம்மீனும் செலவு. கடன் கூடக் கூட உணவுச் செலவு நிலைத்து நிற்கும். குடும்பம் கோட்டுக்கு மேலே தலைநிமிர்ந்து நிற்கும். கழுத்தில் கயிறு இறுகுவதைக் காணாத கருவி, அவன் நிமிர்ந்து நிற்கிறான் என்று பதிவுசெய்து போகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது எந்திரத் தோணிக்காரர் எண்ணெய்க்குக் கொடுத்த கூடுதல் பணத்தை எந்த நாட்குறிப்பு அழுதது?

வீட்டைப் பார்த்து வறுமையை மதிப்பிடலாம் என்போரும் உளர். 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும, கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பத்தை எடைபோடுகின்றது. கிழக்கின் கரையை அறிந்தவர் எவரும் இங்கே சற்று நிதானிப்பர். இங்குள்ள முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதும் வழிவழி வந்த வழக்கம். மூன்று பெண்மக்களைப் பெற்ற வாப்பா தன் வாலிபத்தை மூன்று வீடுகளின் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகின்றார். உம்மாவோ மூத்த சகோதரியோ சவூதியிலும் குவைத்திலும் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்து அனுப்பிய காசு இங்கே தரைக்கு ஓடாய்ப் பதிகின்றது. சீதனம் என்னும் இக்கொடுமையை நாம் ஆதரிக்கவில்லை. அதன்மீது தனியே போர் தொடுக்க வேண்டும். ஆனால் அவ்வீட்டைக் கண்ட கணக்காளர் "கல்வீடு, தரையோடு, மின்சாரம்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டால், வீட்டின் அஸ்திவாரத்தில் புதைந்துள்ள கடனை யார் எழுதுவது? பாலைவனத்தில் கழிந்த ஒரு பெண்ணின் பன்னிரண்டு ஆண்டுகள் எந்தக் குறிகாட்டியில் அடங்கும்?

சாதாரணப் பெருக்கல் ஒன்று செய்வோம். 2022 டிசம்பரில் திணைக்களத்தின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஆளுக்கு மாதம் 13,777 ரூபா. 2019இல் அது 6,966 ரூபாவாய் இருந்தது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 55,108 ரூபா ஆகிறது. அஸ்வெசும தொடங்கியபோது "மிக வறிய" குடும்பத்துக்கு அறிவித்த தொகை 15,000 ரூபா. "வறிய" குடும்பத்துக்கு 8,500. கோட்டைக் கீறியதும் அரசாங்கம். கோட்டுக்கும் கைக்கும் இடையில் அகழி வெட்டியதும் அரசாங்கம். இந்த அகழியை அளக்கத்தான் புள்ளிவிபரம் வேண்டும். அதற்குப் பதிலாக நைஜீரியாவை விட நாம் எத்தனை படி மேலே என்று அளந்துகொண்டிருக்கிறோம்.

எண்ணுவதே தீது என்று நாம் வாதாடவில்லை. எண்ணைப் படைக்கலமாக ஏந்திய முன்னோர் நமக்குண்டு. தாதாபாய் நௌரோஜி பிரித்தானிய இந்தியரின் சராசரி வருமானம் தலைக்கு ஆண்டொன்றுக்கு இருபது ரூபா எனக் கணித்தார். அத்துடன் நில்லாது, சிறைக்கைதிக்கும் கடல்கடந்து ஏற்றப்படும் கூலிக்கும் அரசாங்கமே கொடுக்கும் உணவின் விலையோடு அதனை ஒத்துப் பார்த்தார். குற்றஞ்செய்து சிறையிலிருப்பவனுக்குக் கிடைக்கும் அளவு சோறு குற்றமற்ற குடியானவனுக்குக் கிடைக்கவில்லை என்று ஏகாதிபத்தியத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். அதுவும் ஒப்பீடுதான். எவரை எவரோடு, எவர் முன்னிலையில் ஒப்பிடுவது என்பதில்தான் அரசியல் அடங்கியுள்ளது. அதே இந்தியாவில் 2011 செப்டெம்பரில் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தது. நகரத்தில் நாளுக்கு 32 ரூபாவும் கிராமத்தில் 26 ரூபாவும் செலவிடுபவன் ஏழையல்லன் என்பது அதன் சாரம். நௌரோஜியின் கணக்கு ஆள்வோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. திட்டக்குழுவின் கணக்கு ஏழையைப் பட்டியலிலிருந்து இறக்கியது.

நம் நாட்டிலும் மக்கள் தாமே கோடு கீறிய நாளொன்று உண்டு. 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, உலகில் எங்கே அரிசி இதைவிட விலை என்று எவரும் அட்டவணை தேடவில்லை. ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இருபத்தாறு ஆண்டு கழித்து, 1979இல், பங்கீட்டு அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட பெறுமதி அப்படியே இருக்க, விலைவாசி ஏறி அதன் உள்ளீட்டைத் தின்றது. அதற்கு ஹர்த்தால் எதுவும் நிகழவில்லை. கண்ணுக்குத் தெரிந்த 45 சதத்துக்கு எழுந்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத பணவீக்கத்துக்கு எழ முடியவில்லை. புள்ளிவிபரத்தைப் படித்தவர்கள் அன்று தம் கடமையைச் செய்திருந்தால்?

அடம் ஸ்மித் 1776இலேயே கூறினார்: இங்கிலாந்தில் மிக ஏழையான மதிப்புள்ள மனிதனும் தோற்சப்பாத்தின்றி வெளியே வர வெட்கப்படுவான்; ஆகவே அங்கே சப்பாத்தும் உயிர்த்தேவை. முதலாளித்துவப் பொருளியலின் தந்தை அறிந்த இவ்வுண்மையை டொலர்க் கோடு அறியவில்லை. வெள்ளைச் சப்பாத்து இல்லையென்று பாடசாலைக்கு வராமல் நின்றுகொள்ளும் பிள்ளையை நம் ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிவர். அப்பிள்ளையின் குடும்பம் அரிசிக்கான கலோரியை எட்டிவிட்டதனால் கோட்டுக்கு மேலே இருக்கக்கூடும். 2022இல் வறுமை 13.1 வீதத்திலிருந்து 25 வீதமாயிற்று என உலக வங்கி 3.65 டொலர்க் கோட்டில் கணித்தது. 2023இல் 31 வீதம் எனக் கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா ஆய்வு கூறியது. இவ்விரு எண்களுக்கும் இடையில் லட்சக்கணக்கான சப்பாத்துகள் காணாமற் போயிருக்கின்றன.

அட்டாளைச்சேனையில் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி இருக்கின்றது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கணக்குத் தெரிந்த இளைஞர் நூற்றுக்கணக்கில் உளர். கருவி காணாத கணக்கை ஊர் ஊராய்ச் சென்று எடுக்க இவர்களுக்கு யார் அனுமதி வேண்டும்? கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அடகில் என்ன, எத்தனை நாள் இரவு உணவு இல்லை, எந்தப் பிள்ளை எத்தனை நாள் பாடசாலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, எந்த உம்மா எத்தனை ஆண்டு கடல் கடந்து இருக்கிறாள் என்று ஏழு கேள்விகள் போதும். மாரியில் ஒருமுறை, அறுவடைக்குப் பின் ஒருமுறை கேட்கட்டும். விடைகளை அஸ்வெசுமப் பட்டியலோடு பக்கத்தில் பக்கம் வைத்து, பிரதேச செயலகத்தின் வாயிலில் ஒட்டட்டும். அடுத்த முறை நைஜீரியாவின் பெயரைச் சொல்லி மேடையேறுபவர் முதலில் அந்தத் தாளை வாசித்துவிட்டு ஏறலாம்.