தூசியைத் துடையுங்கள், கீறலைத் துடைக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பழைய கைக்கடிகாரங்களைப் படம் எடுப்பது, எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே திருத்தி அழகாக்குவது என்ற பொழுதுபோக்கு நம்மில் பலரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கும் அது உண்டு. ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியனுக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் நேரத்துக்கா பஞ்சம்? கொல்லிமலைக்கு மேலே வெயில் ஏறியதும் ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஜனதாவையோ பைலட்டையோ வைத்து எடுப்பேன். வெளிச்சம் மெத்தென்று விழும். ஆகவே பொழுதுபோக்கைக் குறை சொல்ல வரவில்லை. அதற்குள் புகுந்துவிட்ட ஒரு பொய்யைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இப்போது வரும் படங்களைப் பாருங்கள். நாற்பது வருஷம் ஒருவர் கையில் உழைத்த வாட்ச். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, டயலில் ஒரு கறை இல்லை. முள்ளில் பூசிய ஒளிரும் வண்ணம் இத்தனை வருஷத்தில் பழுப்பேறியிருக்க வேண்டும். அது பால்போல வெளுத்திருக்கிறது. ஸ்நாப்சீடில் 'ஹீலிங்' என்று ஒரு கருவி உண்டு. விரலால் தொட்டால் கீறல் போய்விடும். போன இடத்தில் இருப்பது வாட்ச் அல்ல. அக்கம்பக்கத்தைப் பார்த்து மென்பொருள் நிரப்பிய வண்ணம். அதற்கு நூறு பேர் 'சூப்பர்' போடுகிறார்கள்.

"இதில் யாருக்கு என்ன நஷ்டம் சார்?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்து 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் ஆலை வந்தது. வாத்தியார், கிளார்க், கண்டக்டர் என்று மாதச் சம்பளக்காரர் கைக்கெல்லாம் வாட்ச் வந்து சேர்ந்தது அதன் பிறகுதான். பிறகு டாடாவும் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நம் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளைக் கொண்டுவந்தது. தினமும் சாவி கொடுக்கிற வேலை ஒழிந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தக் காலத்து வாட்சுகள் இனிமேல் குறையத்தான் போகின்றன. மிஞ்சப்போவது படங்கள். நாம் எடுக்கும் படம்தான் நாளைக்கு ஒருவனுக்குப் பாடப்புத்தகம்.

அந்தப் பாடப்புத்தகத்தை யார் பயன்படுத்துகிறார்கள்? பழைய இயந்திரத்தின் மேல் புதிதாக வண்ணம் அடித்த டயலை மாட்டி, 'ஒரிஜினல்' என்று இணையத்தில் விற்பது பெரிய வியாபாரமாக நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. எழுத்தின் ஓரம் பிசிறடித்திருக்கும். நிமிடக் கோடு மணிக் குறியோடு நேராக நிற்காது. வாங்க நினைக்கும் பையன் நம் படங்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறான். நாமோ படத்தை வழவழப்பாக்கி அந்த ஓரங்களையே கரைத்துவிடுகிறோம். எல்லா நல்ல படமும் மாசுமறுவில்லாமல் இருந்தால், புது வண்ணம் அடித்தது அவனுக்கு அசலாகத் தெரியும். நேர்மையாகப் பழுப்பேறியது பழுதாகத் தெரியும். அப்பா விட்டுப்போன வாட்சையே வண்ணம் அடிக்கக் கொடுத்துவிடுவான். அடித்த பிறகு பழைய டயல் திரும்பி வராது. காசு வாங்காமலே ஏமாற்றுக்காரனுக்கு நாம் கையாள் வேலை பார்த்தாயிற்று.

"விளம்பரக்காரன் செய்யவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. செய்கிறான். புது வாட்சை விற்க, பெயர் மறையாதபடி முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்துகிறான். அது விளம்பரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் படங்கள் என்ன செய்திருக்கின்றன பாருங்கள். செயற்கை நுண்ணறிவிடம் வேறு நேரம் காட்டும் வாட்சைக் கேட்டாலும் பல சமயம் பத்து பத்தையே வரைந்து நீட்டியிருக்கிறது. பார்த்த படங்களிலிருந்து கற்ற பாடம் அது. படம் பாடம் நடத்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

"வெளிச்சத்தை மாற்றினாலே பொய்தானே, கேமராவே முழு உண்மை சொல்வதில்லையே" என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லை ஐயா. வெளிச்சம் கூட்டுவது, வெண்மையைச் சரிசெய்வது, முந்தின நிமிடம் விழுந்த தூசியை அகற்றுவது எல்லாம் வாட்சைத் தெளிவாகக் காட்டுவதற்கு. தூசி வாட்சின் பாகம் அல்ல. கீறல் அதன் பாகம். முதலாவது கண்ணைத் துடைப்பது; இரண்டாவது சாட்சியைத் துடைப்பது.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் தவறு நேர்ந்தால் வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். திருத்தியதும் தெரிய வேண்டும், திருத்தியவரும் தெரிய வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அதைக் கடைப்பிடித்தவன் நான். அதே விதியைத்தான் இங்கேயும் கேட்கிறேன். அழகுக்காகக் கீறலை எடுத்தே தீருவேன் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் கீழே 'கீறல் நீக்கப்பட்டது, டயலின் நிறம் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள். திருத்தாத படத்தையும் பக்கத்தில் போடுங்கள். அரை நிமிட வேலை.

அந்த ஒரு வரியை எழுதக் கை கூசுகிறதென்றால், செய்தது திருத்தமா மறைப்பா என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்று பொருள்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். படிக்கிறேன், பதிலும் சொல்கிறேன்.