மீட்கப் போன வண்டியே மலையில் நின்றால்?

தென்காசியிலிருந்து கொல்லம் போகும் சாலை, செங்கோட்டை தாண்டி, புளியரையில் மலை ஏறத் தொடங்குகிறது. அங்கே இருக்கிறது "எஸ்" வளைவு. பெயரைக் கேட்டாலே லாரி டிரைவரின் கை கியரைத் தேடும்!

காய்கறி லாரியும், கல் லாரியும் இந்த வழியாகத்தான் கேரளத்துக்குப் போகின்றன. சீசன் வந்தால் குற்றாலத்துக்கு வரும் கார்களும், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் சேர்ந்துகொள்ளும்.

2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு. கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி இங்கே கவிழ்ந்து, கீழே உள்ள ரெயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த முதிய தம்பதியர் டார்ச் விளக்குடன் தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரெயிலை நிறுத்தினார்கள். அந்தப் பெரியவர்களுக்கு அரசு ரூ.5 லட்சம் பரிசு கொடுத்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வண்டி குறுக்கே கிடந்தால், ஆம்புலன்சும் நிற்கும், பஸ்சும் நிற்கும். விழுந்த வண்டியைத் தூக்க வருவது மீட்பு லாரி. "ரெக்கவரி வண்டி" என்பார்கள். அந்த வண்டியே பாதி மலையில் இழுவை இல்லாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. டீசலுடன் பயோ டீசல் கலந்து ஓட்டும் வழக்கம் பரவி வருகிறது. 2030-க்குள் டீசலில் 100-க்கு 5 பங்கு பயோ டீசல் கலக்கவேண்டும் என்பது மத்திய அரசு 2018-ல் வகுத்த கொள்கை.

பயோ டீசல் என்றால் என்ன? தாவர எண்ணெயையோ, கொழுப்பையோ, சமையலில் பயன்படுத்திய எண்ணெயையோ மெத்தனால் என்ற சாராயப் பொருளுடன் வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்து எடுப்பது. எண்ணெயில் என்ஜின் ஓடுவது புதுமை அல்ல. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது!

வண்டி இழுக்கவில்லை என்றதும், "பயோ டீசலுக்குச் சக்தி இல்லை" என்று ஒருவர் சொல்வார். "பம்பைக் கழற்று" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் அவசரப் பேச்சு.

கணக்குப் பார்ப்போம். கலப்பே இல்லாத பயோ டீசலில் கூட, லிட்டருக்கு லிட்டர், டீசலைவிடச் சுமார் 8 சதவீதம்தான் சக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் குறைவது 2 சதவீதம்கூட இல்லை. டிரைவருக்கு அது தெரியவே தெரியாது. சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி மலையில் பாதிச் சக்தி இழக்கிறது என்றால், எண்ணெயின் சக்தி குறைந்ததல்ல காரணம். எண்ணெய் என்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை!

ஏன் போய்ச் சேரவில்லை? பயோ டீசலுக்கு ஒரு குணம் உண்டு. பழைய டேங்கில் பல வருடமாகப் படிந்த கசடை அது கரைத்துக் கிளப்பிவிடும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்த குப்பையெல்லாம் கூடத்துக்கு வந்துவிடும் அல்லவா? அதேபோல அந்தக் கசடு வந்து சேரும் இடம் பில்டர். சும்மா நிற்கும்போது என்ஜினுக்குக் கொஞ்சம் எண்ணெய் போதும். அடைபட்ட பில்டர் அதைக் கொடுத்துவிடும். பின்னால் ஒரு லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு மலை ஏறும்போது நிறைய வேண்டும். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆகவே கையில் எடுக்க வேண்டிய முதல் சாமான் பில்டர். டேங்க் மூடியையும் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு காசு செலவில்லாத ரிப்பேர்! பயோ டீசல் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். குற்றாலச் சாரலில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் கேட்கவே வேண்டாம். நீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

அடுத்தது ரப்பர் குழாய். பழைய ரகக் குழாய்களைப் பயோ டீசல் நாளடைவில் ஊறவைத்து இளக்கிவிடும். எண்ணெய் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகலாம். நடுவில் கொஞ்ச தூரம் கண்ணாடி போன்ற குழாயை மாட்டிப் பார்த்தால் குமிழி தெரியும்.

புகையும் பேசும். கரும்புகை வந்தால் காற்றுப் பில்டரையும், டர்போக் குழாயையும் பார்க்க வேண்டும். புகையே அதிகமில்லாமல் வண்டி மட்டும் துவண்டால், எண்ணெய்ப் பஞ்சம். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து ஒன்று மட்டும் சுட்டால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ஜினைத் திட்டிப் பயனில்லை. 2020-க்குப் பிறகு வந்த வண்டிகளில் புகை சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல் தீர்ந்தாலும் வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பிலும் இன்ஜெக்டரிலும் கை வைக்கவேண்டும். அங்கே செலவு ஆயிரக்கணக்கில் போகும். பயோ டீசலுக்கு மாறியவர் முதல் பில்டரைச் சீக்கிரமே மாற்றி, இன்னொன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மலைக்குப் போகும் மீட்பு வண்டியில் இரும்புச் சங்கிலி எவ்வளவு அவசியமோ, உபரி பில்டரும் அவ்வளவு அவசியம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடைகள். குற்றாலத்தில் சிப்ஸ் கடைகள். சட்டியில் மிஞ்சும் எண்ணெயைத் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றினால் அது பயோ டீசல் ஆகிவிடாது! கெட்டியான எண்ணெய் சரியாக எரியாமல் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும். மிஞ்சிய எண்ணெயை முறைப்படி சேகரித்துப் பயோ டீசலாக்க, உணவுப் பாதுகாப்புத் துறையின் திட்டம் 2018 முதல் இருக்கிறது. கடைக்காரர்கள் அதில் கொடுப்பதே நல்லது. அந்த எண்ணெயிலேயே மறுபடி மறுபடி பொரிக்கும் ஆசையும் குறையும்.

2019-ல் வந்த விதிகளின்படி, பயோ டீசல் விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும்; சரக்கு "ஐ.எஸ். 15607" என்ற தரத்தில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் டேங்கரில் வந்து மலிவு விலைக்கு ஊற்றிப் போகும் சரக்குக்கு யார் பொறுப்பு? அதிகாரிகள் பங்குகளில் மட்டும் அல்ல, லாரிகள் நிற்கும் இடங்களிலும் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை லாரிக்காரர் தம் கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். புதிதாக வாங்கிய எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, மூடி, இரவு முழுவதும் அசையாமல் வைக்க வேண்டும். காலையில் அடியில் தண்ணீரோ, சளி போன்ற படிவோ நின்றால், அந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு புளியரை ஏறக்கூடாது.