பொலிகாளைத் தேர்வும் பசுவின் வெயில் தாங்கும் குணமும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்னும் இரு போகங்களுக்கு அடுத்தபடியாகக் குடியானவர்களுக்குக் கைகொடுப்பது பால்மாடேயாகும். பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலுள்ள கிராமங்களில் வைக்கோலையும் வரப்புப் புல்லையும் பாலாக்கித் தருவது பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பினப் பசு. மார்கழி, தை மாதங்களில் நன்றாய்க் கறக்கும் இப்பசு, சித்திரை, வைகாசியில் தீவனத்தை வெறுத்து, வாய் திறந்து இரைத்து, கறவையைக் குறைத்துவிடுகிறது. பலமுறை கருவூட்டியும் சினை பிடிப்பதில்லை. ஒரு பருவம் தவறினால் இருபத்தொரு நாள் வீணாகும்; மூன்று பருவம் தவறினால் இரண்டு மாதத் தீவனச் செலவு கைநஷ்டம். கடன் வாங்கி மாடு பிடித்த சிறு குடியானவருக்கு இது அற்ப விஷயமன்று. ஆகவே, வெயில் தாங்கும் மரபணுவைக் கண்டறிந்து காளைகளைத் தெரிந்தெடுக்கலாம் என்ற பேச்சு எழுந்திருக்கும் இக்காலத்தில், அதனால் வரும் நன்மை எவ்வளவு, அதற்கு முன் செய்யவேண்டியது யாது என்பதை ஆராய்தல் அவசியமாகும்.

காற்றின் உஷ்ணத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவெண் ஒன்று உண்டு. அது 72-ஐத் தாண்டினால் அதிகம் கறக்கும் சீமைப் பசுக்கள் வருந்தத் தொடங்கும் என்பது சாஸ்திரிகள் கண்ட முடிவு. 35 டிகிரி உஷ்ணமும் நூற்றுக்கு 60 ஈரமும் உள்ள பிற்பகலில் இவ்வெண் 87 ஆகிறது. 28 டிகிரியும் நூற்றுக்கு 70 ஈரமும் உள்ள இதமான வேளையிலும் அது 78-க்குக் குறைவதில்லை. மேலும், அதிகம் கறக்கும் பசு அதிகம் தின்கிறது. தீவனம் செரிக்கும்போதும் பால் ஊறும்போதும் உடலுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. எனவே பாலை மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் காளைகளைத் தெரிந்தெடுத்தால், வெயில் தாங்கும் சக்தி சிறுகச் சிறுகக் குன்றிவிடும்.

நம் காங்கேயம், புலிகுளம் மாடுகளுக்கு இத்துன்பம் குறைவு. அவற்றின் குட்டையான வழுவழுப்பான உரோமமும், மிகுதியான வியர்வைச் சுரப்பிகளும், உடலில் சூடு குறைவாகவே பிறப்பதும் இதற்குக் காரணங்களாம். ஆனால் அவற்றின் பால் சொற்பம். ஆகையால் கலப்பினத்தை அறவே கைவிடச் சொல்வது குடியானவருக்கு உதவாத யோசனை. பாலும் வேண்டும், வெயிலும் தாங்கவேண்டும்.

மரபணு அடையாளங்களைப் பற்றிய ஆராய்ச்சி இங்கேதான் பயன்படுகிறது. மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் குரோய் என்னும் தீவில் தோன்றிய செனிபோல் மாடுகளின் குட்டை உரோமத்திற்குக் காரணமான மரபணு மாறுதல் 2014-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே அது பலன் தரும். அதைப் பெற்ற ஹோல்ஸ்டீன் பசுக்கள் வெயிலில் உடற்சூட்டை நன்கு அடக்குவதாகவும், கோடையில் அவற்றின் கறவை அவ்வளவாகக் குறையவில்லையெனவும் அமெரிக்காவில் கண்டார்கள். ஆயினும் இத்தகைய தனி மரபணு அபூர்வம். வெயில் தாங்கும் குணத்தின் பெரும்பகுதி, சிறிது சிறிதாய் உதவும் அநேக மரபணுக்களின் கூட்டுப் பலனேயாகும். அவற்றை இனங்காண, மாட்டின் மரபணுவும் அதே மாடு கோடையில் கறந்த கணக்கும் சேர்ந்து வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் அவ்வாறே செய்தார்கள். பண்ணைகளின் பால் கணக்கை அருகிலுள்ள வானிலை நிலையங்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டு, 2017-ல் காளைகளுக்கு வெயில் தாங்கும் மதிப்பெண் வழங்கத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் 2024 அக்டோபரில் பசுக்களுக்கெனத் தனி மரபணுச் சில்லு வெளியிடப்பட்டது. ஆனால் சில்லு மரபணுவைப் படித்துக் காட்டுமேயன்றி, அம்பாசமுத்திரத்துப் பசு சித்திரையில் எத்தனை லிட்டர் இழந்தது என்பதைச் சொல்லாது. நம் பசுக்களின் கணக்கு இல்லையேல், வேற்றுச் சீமையின் மாட்டுக்குப் பொருந்திய முடிவையே நாமும் நம்பவேண்டிவரும்.

உதகமண்டலத்துக் குளிரில் வளரும் ஜெர்சிக் காளை வெயில் தாங்குமா என்பதை அதன் தோற்றத்தால் அறிய வழியில்லை. சேரன்மகாதேவியில் அதன் பெண்கன்றுகள் வளர்ந்து, ஈன்று, ஒரு கோடையைக் கடந்த பின்னரே தெரியும். அக்கணக்கு முதலில் சேர்ந்துவிட்டால், பின்னர் வரும் காளைகளை இளங்கன்றாயிருக்கும்போதே மரபணுவைக் கொண்டு தெரிந்தெடுக்கலாம். நெல்லில் இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. 1937-ல் ஏற்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம், இந்நதியின் மண்ணிலும் நீரிலும் பரீட்சித்த பிறகே அம்பை ரகங்களைக் குடியானவர் கையில் கொடுத்தது. நெல் விதைக்குச் செய்ததைக் காளைக்கும் செய்யவேண்டுமென்பது நியாயமே.

இதற்கு வேண்டிய சாதனங்கள் ஏற்கெனவே உள்ளன. மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண் தொங்குகிறது. பாளையங்கோட்டையில் வானிலை நிலையமும், இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இல்லாதது கணக்கு ஒன்றே. ஒவ்வொரு பால் சங்கத்திலும் ஒரு பதிவேடு திறந்து, கருவூட்டிய தேதி, காளையின் எண், கன்று ஈன்ற தேதி, பசுவாரியாக வாரம் ஒருநாள் கறந்த அளவு ஆகியவற்றை எழுதிவந்தால் போதுமானது. "எழுதுவதால் எனக்கென்ன லாபம்?" என்று குடியானவர் கேட்பது தவறன்று. எழுதித் தரும் வீட்டுக்குக் கருவூட்டலை இலவசமாய்ச் செய்து, அந்தக் கணக்கின் முடிவை அவரிடமே திரும்பச் சொல்லுவதே தக்க பதில். கணக்கை வாங்கிக்கொண்டு முடிவைச் சொல்லாத வழக்கத்தினாலேயே பதிவேடுகள் பல பாதியில் நின்றுபோயின.

நல்ல காளையின் பலன் வீட்டுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கொட்டிலுக்குத் தென்னங்கீற்று வேய்ந்து காற்றோட்டம் விடுதல், எப்போதும் குளிர்ந்த நீர் வைத்தல், தீவனத்தை விடியலிலும் அந்தியிலும் இடுதல் ஆகிய முறைகளைக் கைவிடலாகாது. நிழல் இந்தக் கோடையைக் கடத்தும். பதிவேடு வரப்போகும் கோடைகளைக் கடத்தும். இவ்விரண்டையும் இப்போதே தொடங்கும் கிராமமே மரபணு ஆராய்ச்சியின் பலனை முதலில் அடையும்.