குட்டி இலவசம், ஊசி?

தெருக்குட்டியைத் தூக்கிட்டு வந்தா செலவே இல்லைன்னு நம்ம ஆம்பூர்ல ஒரு நெனப்பு. பிரியாணிக் கடை எலும்பு போதுமாம்! (வெந்த எலும்பு உடைஞ்சு குடலைக் கிழிச்சிடும் மக்களே.) 6-8 வாரத்துல பார்வோ ஊசி, அதையே திரும்பத் திரும்ப, 3 மாசத்துல வெறிநோய் ஊசி, அப்புறம் வருசா வருசம். கருத்தடை வேற. ஷூ கம்பெனிச் சம்பளத்துல இதெல்லாம் சும்மாவா?

2023 நாய் கருத்தடை விதிகளைப் பாருங்க. தெருவுல இருக்கிற வரைக்கும் ஊசியும் கருத்தடையும் உள்ளாட்சி பொறுப்பு. அதே நாய் வீட்டுக்குள்ள வந்துட்டா வளர்க்கிறவர் பொறுப்பு. என்னங்க நியாயம் இது? எப்படியும் நகராட்சி செஞ்சிருக்க வேண்டிய செலவுதானே... தத்தெடுத்த நாய்க்கு முதல் வருசச் செலவையாவது அவங்களே ஏத்துக்கட்டும். தெருவுல ஒரு நாய் குறையுதுல்ல?

எங்க தெருவுல ரெண்டு வீட்டுக்காரங்க குட்டி எடுக்க ரெடி. ஊசிக் கணக்கைக் கேட்டுட்டு யோசிச்சிட்டிருக்காங்க.