டயர் உட்காருவது வேறு, பொருந்துவது வேறு



சென்ற வாரம் உறவுக்காரப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "பெரியப்பா, என் ஸ்பிளெண்டருக்குப் பின்னாடி 100/90 டயர் போடலாமா? கடையில கேட்டேன், தாராளமா உட்காரும்னு சொல்றாங்க." இதே ஆசை நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். பார்வைக்காக டயர் அளவைக் கூட்டுவதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீங்களே கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்.

முதலில் டயரில் எழுதியிருப்பதைப் படிப்போம். ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியில் 80/100-18 என்றிருக்கும். 80 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது சதவீதம். அதாவது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 100 சதவீதம், 80 மி.மீ. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 457 மி.மீ. மேலும் கீழும் சுவர் இருப்பதால் சக்கரத்தின் மொத்த உயரம் 457 + 80 + 80 = 617 மி.மீ.

இப்போது 100/90-18. சுவரின் உயரம் 100-இல் 90 சதவீதம், 90 மி.மீ. மொத்த உயரம் 457 + 90 + 90 = 637 மி.மீ. இருபது மி.மீ. கூடிவிட்டது, ஏறத்தாழ 3 சதவீதம். பின் சக்கரம் ஒரு சுற்றில் முன்னைவிடக் கூடுதல் தூரம் போகும். அதாவது ஒவ்வொரு கியரிலும் இழுவை அந்த அளவுக்குக் குறையும். மேட்டில் இரண்டு பேரோடு ஏறும்போது எஞ்சின் திணறும். முன் சக்கரத்திலும் இதையே செய்தால், அங்கிருந்து கேபிள் வரும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

"மூணு சதவீதம்தானே சார்" என்பீர்கள். சரி, உயரத்தை விடுங்கள். பெரிய சிக்கல் ரிம்மில் இருக்கிறது. இவ்வகைச் சிறு வண்டிகளின் ரிம் அகலம் பெரும்பாலும் 1.6 அங்குலம், சுமார் 40 மி.மீ. அதில் 100 மி.மீ. டயரை ஏற்றினால் ரிம்மைப் பிடிக்கும் இரு ஓரங்களும் உள்பக்கம் நெருக்கப்படும். நடுப்பகுதி மேடாகிவிடும். தரையில் படுவது அந்த மேடு மட்டும்தான். நடுவில் சீக்கிரம் தேயும். வளைவில் சாய்க்கும்போது பக்கச் சுவர் நெளிந்து, வண்டி மிதப்பது போலிருக்கும். அகல டயர் வாங்கியது பிடிமானத்துக்காக என்றால், வாங்கியதன் நோக்கமே கெட்டுப்போகிறது.

விளையாட்டு பைக்குகளில் 140, 150 என்று அகலமான டயர் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த வண்டிகளுக்கு ரிம்மும் அகலம், பின் ஃபோர்க்கும் அகலம், எஞ்சினுக்கும் அதைச் சுழற்றும் வலு உண்டு. எல்லாம் சேர்த்தே வடிவமைத்தது. அதில் டயரை மட்டும் எடுத்து நம் வண்டியில் மாட்டுவது, அண்ணன் செருப்பைத் தம்பி போட்டுக்கொண்டு ஓடுவது போலத்தான்.

இன்னொன்று இடைவெளி. கடையில் ஸ்டாண்டு போட்டுச் சுற்றிப் பார்க்கும்போது எங்கும் உரசாது. இரண்டு பேர் உட்கார்ந்து, ஷாக் அப்சார்பர் அமுங்கி, வேகத்தடையில் இறங்கும்போது மட்கார்டில் உரசும். செயினுக்கும் டயருக்கும் உள்ள இடமும் குறையும். அதை யாரும் கடையில் சோதிப்பதில்லை. "உட்காரும்" என்ற சொல்லை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

அளவை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. பழைய வண்டிகளில் 3.00-18 என்று அங்குலக் கணக்கில் இருக்கும். அதற்கு இணையாக 90/90-18 போடுவதுண்டு. அது பெயர் மாற்றம் போன்றது. வேறு அளவு போட்டே ஆக வேண்டுமென்றால் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். மொத்த உயரம் எவ்வளவு மாறுகிறது? டயர் நிறுவனத்தின் அட்டவணையில் அந்த டயருக்கு உங்கள் ரிம் அகலம் இருக்கிறதா? பாரம் ஏற்றினாலும் இடைவெளி போதுமா? சுமை எண் பழையதைவிடக் குறையாமல் இருக்கிறதா? சுமை எண் என்பது அளவுக்குப் பக்கத்தில் 47P, 54P என்று இருக்குமே, அதில் வரும் எண். 47 என்றால் அந்த டயர் 175 கிலோ தாங்கும், 54 என்றால் 212 கிலோ. P என்பது மணிக்கு 150 கி.மீ. வரை என்ற வேகக் குறி. நான்கில் ஒன்றில் தவறினாலும் வேண்டாம்.

டயர் கடையும் மெக்கானிக் கடையும் வைத்திருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பையன் கேட்டதை மாட்டிக் கொடுத்தால் அன்றைக்கு வியாபாரம் முடியும். "தம்பி, இந்த ரிம்முக்கு இது சேராது" என்று நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். அப்பா சொன்னால்கூடக் கேட்கமாட்டான், மெக்கானிக் அண்ணன் சொன்னால் கேட்பான். அந்த மரியாதையை நல்லதற்குப் பயன்படுத்துங்கள்.

பெற்றோருக்கும் சொல்கிறேன். அவன் தனியாகப் போகும் வண்டி மட்டுமல்ல அது. அதே வண்டியில்தான் அவன் அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறார். அந்தப் பணத்தில் அதே அளவில் நல்ல புது டயர் வாங்கிக் கொடுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் பார்த்து வாங்குங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. கடையில் பல வருடம் கிடந்த டயர் வேண்டாம். அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றும் திசையில் மாட்டச் சொல்லுங்கள். காற்றும் தனியாகப் போகும்போது ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் வேறு அளவு. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன். உங்கள் வண்டியின் டயர் அளவையும் ரிம் அகலத்தையும் போட்டால் கணக்கைச் சேர்ந்தே பார்ப்போம்.