ஹெரால்டு வாங்கலாம், ஆனா அதை 'இன்வெஸ்ட்மென்ட்'னு சொல்லாதீங்க



போன மாசம் ஒரு சனிக்கிழமை பழைய கார் ஒண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாலு கதவு, வெளிர் நீலம், நல்லா புதுப்பிச்சு வெச்சிருந்தாங்க. விலை 5 லட்சம்னு சொன்னார். நான் யோசிக்கிறதைப் பார்த்துட்டு, "சார், இது கார் இல்ல, இன்வெஸ்ட்மென்ட். அஞ்சு வருஷத்துல டபுள் ஆகிடும்"னு ஒரு போடு போட்டார்.

அதுவரைக்கும் எனக்கு அந்தக் கார் மேல ஆசை மட்டும்தான் இருந்துச்சு. அந்த வார்த்தையைக் கேட்டதும் உள்ளே இருந்த ஆடிட்டர் முழிச்சுக்கிட்டான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கையும், அதுக்குப் பின்னாடி இருக்கிற எங்க வீட்டுக் கதையையும் இன்னைக்குச் சொல்றேன்.

எங்க வீட்டுல ஓடின கார்

அப்பா குரோம்பேட்டையில ஸ்கூல் வாத்தியார். 1986ல ஒரு பழைய ஹெரால்டை 18,000 ரூபாய்க்கு வாங்கினார். அப்போ அவர் சம்பளம் மாசம் 2,100. எங்க ஆயாவுக்கு ரெண்டு முட்டியும் போயிருந்துச்சு, பஸ் படி ஏற முடியாது. கார் வாங்கினதுக்கு முக்கியக் காரணம் அதுதான்.

இந்தக் கார் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். டிரையம்ப் ஹெரால்டுங்கிற பேர்ல 1959ல இங்கிலாந்துல வந்த சின்ன குடும்பக் கார் இது. டிசைன் பண்ணினவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலொட்டி. 1961ல இருந்து நம்ம மெட்ராஸ்லயே, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில, ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு செஞ்சாங்க. பிரிட்டன்ல ரெண்டு கதவு மாடல்தான். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்குன்னே செஞ்சது. இன்ஜின் வெறும் 948 சிசி. இன்னைக்கு நீங்க ஓட்டுற சின்ன ஹேட்ச்பேக்கை விடக் குறைவு.

அதோட பானட் மத்த கார் மாதிரி திறக்காது. மட்கார்டோட சேர்ந்து முன்பக்கம் முழுசா முன்னாடி சாயும். முன் டயர் மேலயே உக்காந்து இன்ஜினைக் கழட்டலாம். ஞாயித்துக்கிழமை காலையில அப்பா அப்படி உக்காந்திருக்க, நான் கீழே நின்னு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். பன்னெண்டு நம்பருக்குப் பதிலா பதினாலு கொடுத்துத் திட்டு வாங்கினதெல்லாம் உண்டு.

எங்க தெரு ரொம்பக் குறுகல். ஹெரால்டு திரும்ப சுமார் 25 அடி இடம் போதும். எதிர் வீட்டு அம்பாசடர் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போறதுக்குள்ள எங்க அப்பா ஒரே வெட்டுல திருப்பிட்டுப் போயிடுவார். வெயில் காலத்துல ஜிஎஸ்டி ரோட்டுல சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுறதுக்குள்ள ரேடியேட்டர் கொதிக்கும். டிக்கியில எப்பவும் ரெண்டு கேன் தண்ணி இருக்கும். புளியமரத்தடியில வண்டி ஆறுற வரைக்கும் ஆயா எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரிச்சுடுவாங்க.

1997ல ஆயா தவறிட்டாங்க. அடுத்த வருஷம் அப்பா காரை 11,000 ரூபாய்க்குக் கொடுத்துட்டார்.

நான் போட்ட பாதிக் கணக்கு

அப்பாவுக்கு ஒரு பழக்கம். காருக்குன்னு தனியா நோட்டு போட்டிருந்தார். 2010ல நான் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தப்போ அது பீரோவுல கிடைச்சுது. புதுசா கணக்குக் கத்துக்கிட்ட திமிர் வேற. உக்காந்து கூட்டினேன். பெட்ரோலைச் சேர்க்கல, ஏன்னா பஸ், ஆட்டோவுல போயிருந்தாலும் காசு செலவாகியிருக்கும்.

வாங்கின விலை: 18,000
12 வருஷ ரிப்பேர், ஸ்பேர்ஸ்: 41,350
வரி, இன்சூரன்ஸ்: 9,200
கழிக்க, வித்த விலை: 11,000
நிகரச் செலவு: 57,550

144 மாசத்துக்கு வகுத்தா மாசம் கிட்டத்தட்ட 400 ரூபாய். அந்த 400ஐ 10% வட்டியில ஆர்டி போட்டிருந்தா 1998ல சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கையில இருந்திருக்கும். நேரா அப்பாகிட்ட போய், "இந்தக் காசுக்குக் கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாம்ப்பா"ன்னேன்.

அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கல. "அந்த மனையில உங்க ஆயாவை ஏத்திட்டு மதுராந்தகம் போயிருக்க முடியுமாடா?"ன்னு கேட்டார். அப்புறம், "வலது பக்கத்தையும் படி"ன்னார்.

நான் இடது பக்கத்தை மட்டும்தான் கூட்டியிருந்தேன். வலது பக்கத்துல தேதி போட்டு, கார் எங்கே போச்சுன்னு எழுதியிருந்தார். "அம்மா, முட்டி டாக்டர், தாம்பரம்." இது மாசாமாசம் வருது. "மதுராந்தகம், அம்மா ஏரி பார்க்கணும்னாங்க." 1988ல ஒரு நாள்: "ராத்திரி 2 மணி, ஆஸ்பத்திரி." நான் பிறந்த நாள் அது. அதே நாளுக்கு இடது பக்கத்துல, "பேட்டரி சார்ஜ் 15 ரூபாய்."

என் கூட்டல்ல தப்பு இல்ல. ஆனா செலவை மட்டும் எழுதிட்டு, அதுக்கு என்ன கிடைச்சதுன்னு எழுதாத கணக்கு பாதிக் கணக்கு. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பாடப்புத்தகமும் இல்ல, அந்த நோட்டுதான்.

கம்பெனியே கணக்குப் பார்க்காம வித்த கார்

இந்தக் காலத்து சின்ன பிரிட்டிஷ் கார்கள் மேல ஜனங்களுக்கு இருக்கிற பாசம் கொஞ்சநஞ்சம் இல்ல. 1948ல வந்த மோரிஸ் மைனரை எடுத்துக்கோங்க. அலெக் இசிகோனிஸ் டிசைன் பண்ணினது. பிரிட்டன்ல பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார். ஊர் ஊரா வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்த்த நர்ஸ்கள் ஓட்டினதும் அதைத்தான். அங்கே ஒரு தலைமுறைக்கே "எங்க வீட்டு முதல் கார்" அது.

அடுத்து அதே இசிகோனிஸ் செஞ்ச மினி. 1956 சூயஸ் நெருக்கடியில பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சு. அதனால குறைஞ்ச பெட்ரோல்ல நாலு பேர் போற மாதிரி, பத்தே அடி நீளத்துல ஒரு கார். 1959ல 500 பவுண்டுக்குக் கீழ விலை வெச்சாங்க. ஃபோர்டு கம்பெனி ஒரு மினியை வாங்கி, அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு அடக்கவிலை போட்டுப் பார்த்துச்சாம். இந்த விலைக்கு வித்தா ஒவ்வொரு காருக்கும் சுமார் 30 பவுண்டு நஷ்டம் வரும்னு கணக்கு வந்துச்சுன்னு கார் உலகத்துல பிரபலமான கதை. மினி 2000 வரைக்கும் ஓடிச்சு, 50 லட்சத்துக்கு மேல வித்துச்சு. ஆனா அதைச் செஞ்ச கம்பெனி 1968ல பிரிட்டிஷ் லேலண்டுல கலந்து, 1975ல அரசாங்கமே எடுத்து நடத்தற நிலைக்கு வந்துச்சு. காரணம் மினி மட்டும் இல்லதான். ஆனா ஜனங்க ஒரு பொருளை நேசிக்கிறதும், அது லாபம் தர்றதும் வேற வேற விஷயம்னு இதை விடத் தெளிவா சொல்ல முடியாது.

சரி, டபுள் ஆகிடுச்சுன்னே வெச்சுக்குவோம்

5 லட்சம் அஞ்சு வருஷத்துல 10 லட்சம் ஆனா, வருஷத்துக்கு சுமார் 14.9%. கேட்க நல்லா இருக்கு. இப்போ இடது பக்கத்தை எழுதுவோம்:

ஷெட் வாடகை மாசம் 2,500 வீதம்: 30,000
மெக்கானிக், ஸ்பேர்ஸ்: 35,000
இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, சில்லறை: 10,000
வருஷத்துக்கு மொத்தம்: 75,000

அஞ்சு வருஷத்துல 3.75 லட்சம். 5 லட்சம் லாபத்துல அது போனா மிச்சம் 1.25 லட்சம். பணம் எப்போ எப்போ வெளியே போகுதுன்னு பார்த்து ஐஆர்ஆர் போட்டா வருஷத்துக்கு 3.6% வருது. விற்கிறவர் சொன்னது அப்படியே நடந்தா இது. விலை அம்பது சதவீதம் மட்டும் ஏறினா கையை விட்டுப் போகும்.

"பிரிட்டன்ல பழைய கார் எவ்வளவு விலைக்குப் போகுது தெரியுமா?"ன்னு சிலர் கேட்பாங்க. மைனர் மட்டும் மொத்தம் சுமார் 16 லட்சம் செஞ்சாங்க. அதுல பெரும்பாலானது துருப்பிடிச்சுப் பழைய இரும்புக்குப் போயிடுச்சு. ஏலத்துல நீங்க பார்க்கிறது பிழைச்சு வந்ததை மட்டும். அந்த விலைக்குப் பின்னாடி எத்தனை வருஷ ரிப்பேர் பில் இருக்குன்னு ஏலச் செய்தி சொல்லாது.

மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க

வருமான வரி: சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற கார் 'பர்சனல் எஃபெக்ட்'. வித்து லாபம் வந்தா மூலதன ஆதாய வரி இல்ல. சந்தோஷப்படாதீங்க, நஷ்டம் வந்தாலும் எதுலயும் கழிக்க முடியாது. வாங்கி விற்கிறதையே தொழிலா பண்ணினா கதை வேற, அது வியாபார வருமானம்.

பதிவு: 50 வருஷத்துக்கு மேல ஆன காரை வின்டேஜ்னு பதிவு பண்ண 2021ல மத்திய அரசு விதி கொண்டுவந்துச்சு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனா அப்படிப் பதிவு பண்ணினா தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. ஆபீஸுக்கு அதுல போகலாம்னு கனவு இருந்தா இப்பவே மறந்துடுங்க. சாதாரணப் பதிவுலயே இருக்கிற கார்னா, ஆர்சி உயிரோட இருக்கான்னு பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இன்சூரன்ஸ்: அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன காருக்கு ஐடிவி, நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. 5 லட்சம் கொடுத்து வாங்கிட்டு பாலிசியில 40,000னு இருந்தா, வண்டிக்கு ஏதாவது ஆனா கிடைக்கிறது அந்த 40,000 கணக்குலதான்.

அப்போ வாங்கலாமா?

வாங்கலாம். நான் வேண்டாம்னு சொல்ல வரல. என் கருத்து இதுதான்: செலவுன்னு ஒத்துக்கிட்டு வாங்குங்க. இன்வெஸ்ட்மென்ட்னு பேர் வெச்சீங்கன்னா ரெண்டு தப்பு நடக்கும். முதல்ல, எஸ்ஐபியை நிறுத்திட்டு அந்தக் காசை இதுல போடத் தோணும், "அதுவும் முதலீடு, இதுவும் முதலீடு"ன்னு. ரெண்டாவது, பர்சனல் லோன் எடுக்கத் துணிவு வரும். 3.6% தர்ற பொருளுக்கு 13% வட்டி கட்டுறதை எந்தப் பாசமும் நியாயப்படுத்தாது.

செலவுன்னு சொல்லிட்டா கேள்வி சுலபம். ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கா? டெர்ம், ஹெல்த் பாலிசி இருக்கா? எஸ்ஐபியைத் தொடாம, கடன் இல்லாம, முழு விலையும் அதுக்கு மேல ஒரு வருஷ ரிப்பேர் காசும் கையில இருக்கா? மூணுக்கும் ஆமான்னா தாராளமா வாங்குங்க. டூர் போற மாதிரி, பிள்ளைக்குப் பாட்டு கிளாஸ் மாதிரி, அது ஒரு நல்ல செலவு. செலவுங்கிறது கெட்ட வார்த்தை இல்லைங்க.

அந்த ஆள் லாபத்தை மட்டும் சொன்னார். நான் 2010ல செலவை மட்டும் சொன்னேன். அப்பா மட்டும்தான் ரெண்டு பக்கமும் எழுதினார். 2,100 ரூபாய் சம்பளத்துல மாசம் 400 போகுதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பன்னெண்டு வருஷம் ஓட்டினார்.

எனக்கு அந்த மூணு கேள்வியில மூணாவதுக்கு இன்னும் பதில் இல்லைன்னுதான் வருது. அதனால இப்போதைக்கு மாசம் 10,000 தனியா ஒரு ஆர்டி ஆரம்பிச்சிருக்கேன். அப்பாகிட்ட சொன்னேன். 5 லட்சம்னதும் சிரிச்சார். "பதினோராயிரத்துக்குக் கொடுத்தேன்டா"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "வாங்கினா முதல்ல ரேடியேட்டரைப் பாரு"ன்னார்.

ஐஆர்ஆர் எப்படிப் போட்டேன்னு எக்செல்ல காட்டி அடுத்த வீடியோவுல பேசறேன். இதெல்லாம் என் சொந்தக் கருத்து. உங்க வரவு செலவைப் பார்த்து நீங்க முடிவு பண்ணுங்க. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு நோட்டு இருந்தா, பழைய பேப்பர்காரருக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரெண்டு பக்கமும் படிச்சுப் பாருங்க.